தாழ்ந்து நிற்கும் கடல்

சரவணையிலே தோட்டக்காணி ஒன்றின் எல்லையில், செய்மதிகளின் சமிக்ஞையைப் பெற்று உயரங் காட்டும் கருவியை நில அளவையாளர் ஒருவர் நிறுத்தி, யாதொரு திருத்தமுஞ் செய்யாமல் அது நேரே காட்டும் எண்ணைப் பார்ப்பாராயின், அந்நிலம் கடல் மட்டத்துக்குச் சில மீற்றர் உயரத்தில் இருப்பதை நன்கறிந்த அவருக்கு, பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழத் தொண்ணூறு மீற்றர் என்ற விடை கிடைக்கும். கருவியிற் பிழையில்லை, அளவையாளரிடத்தும் பிழையில்லை. பூமியைத் துருவங்களிற் சற்றே தட்டையான ஓர் ஒழுங்கான கோளமாகப் பாவித்துக் கணிதர் வகுத்துக்கொண்ட கற்பனைப் பரப்பிலிருந்தே அக்கருவி உயரத்தை அளக்கின்றது. அப்பரப்போடு ஒப்பிடுமிடத்து, சரவணையையும் வேலணையையும் ஊர்காவற்றுறையையும் தாங்கி நிற்கும் தீவு மாத்திரமன்றி, அதனைச் சூழ்ந்த கடலும், இலங்கையின் கரையோரத் தாழ்நிலமும், அதற்கப்பால் இந்து சமுத்திரத்தின் பெரும் பகுதியும் தாழ்ந்தே கிடக்கின்றன. இலங்கைக்குத் தெற்கே அத்தாழ்வின் அடி 106 மீற்றரை எட்டுகின்றது. உலகத்துச் சமுத்திரங்களுள் இதனினுந் தாழ்ந்த கடற்பரப்பு வேறெங்குமில்லை.

கடல் நூறு மீற்றர் தாழ்ந்து கிடக்குமாயின் சுற்றிலுமுள்ள நீர் அதனுட் பாய்ந்து நிரப்பாததேன், கப்பல்கள் அச்சரிவில் வழுக்கிச் செல்லாததேன் என்னும் ஐயம் நியாயமானதே. மேல், கீழ் என்று நாம் சொல்வதெல்லாம் புவியீர்ப்பின் திசையைக் கொண்டே சொல்லப்படுவன. ஒரு பிரதேசத்தின் அடியிற் பொருட்டிணிவு குறைந்திருப்பின், அங்குள்ள நீரைச் சூழவுள்ள திணிவு மிக்க பகுதிகள் தம்பால் ஈர்த்துக்கொள்கின்றன. எஞ்சிய நீரின் பரப்பு, ஒவ்வொரு புள்ளியிலும் ஈர்ப்பின் திசைக்குச் செங்குத்தாக அமையும்வரை தாழ்ந்து, அந்நிலையில் நின்றுவிடுகின்றது. ஆகவே அத்தாழ்வின் நடுவே நிற்கும் மாலுமிக்கும் கடல் சமமாகவே தோன்றும். அறுபது கிலோ எடையுள்ளவர் அங்கே சில கிராம் இலேசாவார் என்பதைத் தவிர, உடம்பால் உணரத்தக்க வேறுபாடு எதுவுமில்லை. அலையும் வற்றுப்பெருக்கும் காற்றும் நீங்கிய கடல், ஈர்ப்புக்கு மாத்திரம் பணிந்து நிற்குமாயின் எவ்வுருவங் கொள்ளுமோ அவ்வுருவத்துக்கு ஜியோயிட் என்று பெயர். இலங்கைக்குத் தெற்கே அது கொண்ட தாழ்வைப் பத்திரிகைகள் ‘ஈர்ப்புத் துவாரம்’ என்று எழுதிப் பாதாளக் கிணறு ஒன்றை வாசகர் மனத்திலே தோண்டிவிடுவது, விஷயத்தை விளக்குவதைவிடக் குழப்புவதற்கே உதவுகின்றது. முப்பது இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பில், கண்ணுக்குப் புலப்படாத சரிவோடு தாழ்ந்து செல்லும் அகன்ற பள்ளம் அது.

இனி, இத்தீவின் அடியில் இருப்பது யாதெனப் பார்ப்போம். சரவணையில் எந்தக் கிணற்றை வெட்டினாலும் மண்வெட்டி முதலில் இடிப்பது சுண்ணாம்புக்கல்லையே. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் பரந்து கிடக்கும் இக்கல், பூகர்ப்ப சாஸ்திரிகள் மயோசீன் என வழங்கும் காலத்தில், அஃதாவது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளின் முன்னே, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலொன்றின் அடியில் சிப்பிகளும் பவளங்களும் கண்ணுக்கெட்டாத நுண்ணுயிர்களும் விட்டுச்சென்ற ஓடுகளாற் சமைந்தது. 1950ஆம் ஆண்டிலே காங்கேசன்துறையில் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை அரைத்ததும் இதனையே. இதன் கீழே மணற்கல்லும், அதற்குங் கீழே வன்னியிலும் மலைநாட்டிலும் வெளித்தெரிகின்ற பழமையான நைஸ் பாறையும் உள்ளன. எரிமலைக் கல் மாத்திரம் ஒரு துண்டுகூட இல்லை. எரிமலைக் கல்லையும் பூமியின் ஆழத்தையும் பற்றிய அத்தியாயத்துக்கு இத்தகைய ஊரைத் தேர்ந்துகொண்டது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் ஆழத்தின் செய்தி கல்லாக மேலே வரும் இடங்களை உலகம் நன்கறியும். கல் வராமலே செய்தி வந்துகொண்டிருக்கும் இடம் இதைப்போற் பிறிதொன்றில்லை.

ஆழம் என்று இங்கே கூறப்படுவதன் அளவைச் சற்றே சிந்தித்தல் வேண்டும். இலங்கையின் அடியிற் புவியோடு ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தடிப்புடையது. அதன் கீழே தொடங்கும் இடையோடு 2,890 கிலோமீற்றர் ஆழம் பரியந்தஞ் சென்று, உருகிய இரும்பாலான கோளவகத்தின் விளிம்பில் முடிவடைகின்றது. சரவணையிலிருந்து டில்லிக்குள்ள நேர்த்தூரத்தினும் அது அதிகம். மனிதன் தோண்டிய துளைகளுள் மிக ஆழமானது ருஷியாவின் கோலா தீபகற்பத்திலே 1989இல் 12,262 மீற்றரில் நின்றுபோயிற்று. ஆகவே இடையோட்டைப் பற்றிய அறிவு காண்டலளவையால் வந்ததன்று, கருதலளவையால் வந்தது. மலையிற் புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிதலை அனுமானத்துக்கு உதாரணமாகத் தருக்க நூலோர் எடுத்தாண்டபோது எரிமலையை நினைத்திருக்கமாட்டார்கள். எனினும் எரிமலை நூலோர் செய்துவருவது ஏறத்தாழ அதுவே.

ஆழத்துக்குச் சாட்சியங்கள் பல. அவற்றுள் நம் விஷயத்துக்கு வேண்டியவை இரண்டு: மேலே வந்து உறைந்த கல் ஒன்று, கீழே கிடக்கும் பொருளின் கனத்தைக் காட்டும் ஈர்ப்பு மற்றொன்று.

முதலாவதனைப் பற்றி விரிவாகக் கூறுதல் தகும். இடையோடு உருகிய தீக்குழம்பு என்ற எண்ணம் கற்றோரிடத்துங் காணப்படுகின்றது, அது தவறு. அங்குள்ள பாறை வெப்பமிகுந்ததாயினும், மேலேயுள்ள பாரத்தின் அழுத்தத்தால் உருகாது திண்மமாகவே இருக்கின்றது. திண்மமாக இருந்துகொண்டே, வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் என்ற கணக்கில் நகர்ந்தும் வருகின்றது. சூழவுள்ளவற்றினும் வெப்பங் கூடிய பகுதி சற்றே விரிந்து, கனங் குறைந்து, தூண்போல் மெல்ல மேலெழும். எழுந்து வரவர அழுத்தங் குறையும். அழுத்தங் குறைந்தவிடத்து, வெப்பம் புதிதாக ஏறாமலே, அதன் ஒரு சிறு பங்கு உருகும். அவ்வாறு உருகியது புவியோட்டைக் கீறி வெளியேறி ஆறியதே பசால்ட்டு என்னும் கரிய கல். எல்லோராவின் கைலாசநாதர் ஆலயத்தைத் தரிசித்தவர்கள் அக்கல்லைத் தொட்டிருப்பார்கள். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து அவ்வாலயத்தைச் சமைத்த சிற்பிகளின் உளி பட்டது, 6.6 கோடி ஆண்டுகளின் முன்னே தக்கணத்தைப் படைபடையாக மூடிய எரிமலைக் குழம்பின் உறைவிலேயே. அரித்தழிந்தவை போக, இன்றும் 5 இலட்சம் சதுர கிலோமீற்றர் அளவில் அது எஞ்சியிருக்கின்றது.

அக்குழம்பு எழுந்த தூண் இன்னும் அணைந்துவிடவில்லை. அதன்மேல் இந்தியா நிலைத்து நில்லாது வடக்கே சென்றுவிட்டது. சென்ற வழி கடலடியில் ஒரு தொடராகப் பதிந்துகிடக்கின்றது. இலட்சதீவும் மாலைதீவும் அத்தொடரின்மேல் வளர்ந்த பவளத் தீவுகள். 1987இல் ஜொய்டெஸ் ரெசொலூஷன் என்னும் துளையிடு கப்பல் மாலைதீவுப் பகுதியிற் பவளச் சுண்ணத்தைத் துளைத்துச் சென்று, அதன் அடியில் ஏறத்தாழ 5.7 கோடி ஆண்டு வயதுள்ள பசால்ட்டை எடுத்தது. மேற்பார்வைக்கு மாலைதீவும் நமது தீவுப்பகுதியும் உறவினர்போற் காணப்படினும், அங்கே பவளத்தின் கீழ் மூழ்கிய எரிமலை. இங்கே சுண்ணத்தின் கீழ் நைஸ். தெற்கே செல்லச்செல்ல வயது குறைந்துகொண்டே போகும்: மொறீசியசின் மூத்த கல்லுக்கு வயது 1 கோடி ஆண்டுக்குட் பட்டது, ரீயூனியனிலோ பித்தோன் தெ லா பூர்னேஸ் என்னும் எரிமலை இன்றுங் குழம்பைக் கக்கிக்கொண்டிருக்கின்றது. அவ்விரு தீவுகளிலும் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் சந்ததியார் கோயில் கட்டி, காவடி எடுத்து வாழ்ந்துவருகின்றனர். ஆகவே எரிமலைக் கல்லின்மேல் நடமாடும் தமிழர் உலகில் இல்லாமலில்லை.

இக்கல்லை ஆராய்வோர், அதனை ஒரு மில்லிமீற்றரின் முப்பதிலொரு பங்கு தடிப்புக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் ஏடாக்கி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, எந்தக் கனிப்பொருள் எந்த முறையிற் பளிங்கானது என்பதைப் பார்ப்பர். அதனினும் நுட்பமானது, பளிங்கினுள் அகப்பட்ட ஈலியம் வாயுவைப் பிரித்தளத்தல். ஈலியத்தில் இருவகை உண்டு. கனமான ஈலியம்-4, யுரேனியமும் தோரியமும் சிதைவதால் நாள்தோறும் பிறந்துகொண்டிருப்பது. இலேசான ஈலியம்-3 பெரும்பாலும் பூமி தோன்றிய காலத்திலே அகப்பட்டுக்கொண்ட பழஞ்சரக்கு. சமுத்திர நடுமுகடுகளின் பசால்ட்டில், ஈலியம்-4க்கு ஈலியம்-3 இருக்கும் விகிதம் வளிமண்டலத்தில் இருப்பதன் ஏறத்தாழ 8 மடங்கு. ரீயூனியனின் கல்லில் அது 12 மடங்கைத் தாண்டுகின்றது. பழஞ்சரக்குக் கூடுதலாக உள்ள இடத்திலிருந்து, அஃதாவது மேற்பகுதியைப்போற் பலமுறை உருகி வாயுவை இழந்துவிடாத ஆழத்திலிருந்து, அக்கல் வந்திருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் அனுமானம்.

தோரியம் என்றவுடன் நம்மவர் ஒருவரை நினையாதிருத்தல் நன்றியாகாது. யாழ்ப்பாணத்து வேர்கொண்ட சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராக 1877இற் கொழும்பிலே பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிற் பூகர்ப்ப சாஸ்திரமும் தாவர சாஸ்திரமும் பயின்ற ஆனந்தக் குமாரசுவாமியை, சிவதாண்டவத்துக்கு விளக்கம் எழுதிய கலைஞானியாக உலகம் போற்றுகின்றது. அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை மலையும் ஆறும் அலைந்து கல் பொறுக்கியவர் என்பதை நினைவுகூர்வார் சிலரே. 1900ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி இலண்டன் பூகர்ப்பச் சங்கத்தின் ஏட்டிற் கட்டுரை எழுதிய அவர், பிரித்தானிய அறிஞர் பிரையருடன் சேர்ந்து செரண்டிபைற்று என்னும் புதிய கனிப்பொருளை வெளியிட்டார். 1904இல் பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக் கற்படுகைகளிற் கிடைத்த, கறுத்துக் கனத்த கனசதுரப் பளிங்குகள் அவர் கைக்கு வந்தன. அவை பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டேயென இலண்டனில் நடந்த சோதனையால் தெரியவர, தோரியனைற்று எனப் பெயர் பெற்றன. குமாரசுவாமி பயின்ற அதே கல்லூரியில், சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்திலே, ஒட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர் 1905இல் அந்த இலங்கைக் கல்லை ஆராய்ந்து, ‘ரேடியோதோரியம்’ என்னும் கதிரியக்கப் பொருளைக் கண்டார். அதே கல்லைச் சூடாக்கியபோது ஈலியமும் ஏராளமாக வெளிவந்தது.

பலாங்கொடையின் கல் எரிமலைக் கல்லன்று, இடையோட்டிலிருந்து வந்ததுமன்று. இருந்தும் அது இக்கதைக்கு உரியது. பூமி உருகிய பிண்டமாகத் தொடங்கி ஆறிவருவதாகக் கொண்டு, அதற்கு 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுக்குள்ளே வயது என்று கெல்வின் பிரபு 1897இற் கணித்திருந்தார். யுரேனியமும் தோரியமும் சிதையுந்தோறும் வெப்பம் பிறக்கின்றது என்பது புலப்பட்டதும் அக்கணக்கின் வலு குன்றிற்று. பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தின் ஏறத்தாழப் பாதி கதிரியக்கத்தால் வருவதென்று இன்று மதிக்கப்படுகின்றது. அச்சிதைவில் எழும் நியூத்திரினோக்களையே ஜப்பானின் காம்லாண்ட் ஆய்வகம் 2005இல் முதன்முதற் பிடித்துக் காட்டியது. தோரியத்தின் அரைவாழ்வுக் காலம் 1,400 கோடி ஆண்டு. இடையோட்டுத் தூண்களை மேலெழச் செய்யும் அடுப்புக்கு விறகு அண்மையில் தீரப்போவதில்லை.

இரண்டாவது சாட்சியமான ஈர்ப்பினைக் கடலில் அளக்க வழிசெய்தவர் வெனிங் மெய்னெஸ் என்னும் ஒல்லாந்தர். சரவணை இருக்கும் தீவுக்கு லெய்டன் என்றும் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்றும் தம் நகரங்களின் பெயரை இட்டுச்சென்ற அந்நாட்டவருள், இவர் டெல்ஃப்றிலேயே பொறியியல் கற்று 1910இற் பட்டம் பெற்றவர். ஊசலின் ஆட்டத்தைக் கொண்டு ஈர்ப்பை அளத்தல் பழைய முறை; ஆனால் ஆடும் கப்பலில் ஊசலுக்கு என்ன மதிப்பு? பல ஊசல்களை ஒன்றாக ஆடவிட்டு அவற்றின் வேறுபாட்டை மாத்திரம் பதிவுசெய்யும் கருவி ஒன்றை அவர் அமைத்து, அலை தீண்டாத ஆழத்தில் அமைதியாக நிற்கக்கூடிய நீர்மூழ்கிக் கப்பலினுள் அதனை ஏற்றினார். ஆறடியினும் நெடிதுயர்ந்த அம்மனிதர், 1923இல் ஒல்லாந்திலிருந்து சூயஸ் வழியே ஜாவாவுக்கு அந்த இடுக்கினுள் குனிந்து வளைந்து பிரயாணஞ் செய்தது, சாஸ்திரத்தின் பொருட்டுச் செய்த தவங்களுள் ஒன்று. 1948இல் அவர் வெளியிட்ட முடிபுகள், இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்புக் குறைந்த பெரும்பரப்பு உண்டென்பதை உறுதிப்படுத்தின. 2009இல் ஏவப்பட்ட கோசே முதலான செய்மதிகள் அதன் எல்லைகளைத் துல்லியமாக வரைந்து தந்தன.

குறைவு உண்டென்பது தெளிவாயிற்று. எதன் குறைவு என்பதே நெடுங்காலம் வழக்காக இருந்தது. ஒரு காலத்தில் இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே கிடந்த தெதிஸ் சமுத்திரத்தின் அடித்தளம், இந்தியா வடக்கே நகர்ந்தபோது மடிந்து இடையோட்டினுள் அமிழ்ந்துபோயிற்று. அந்தப் பழந்தளத்தின் எச்சங்களோடு இத்தாழ்வைப் பலர் தொடர்புபடுத்தினர். 2017இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த அத்ரேயீ கோஷ் என்னும் பேராசிரியையும் அவருடன் உழைத்தோரும், தாழ்வின் அடியில் 300 முதல் 900 கிலோமீற்றர் வரையான ஆழத்தில் வெப்பமிகுந்து கனங் குறைந்த பொருள் இருப்பதே பிரதான காரணம் என்று காட்டினர்.

கனத்தில் ஏற்படும் அற்ப வேறுபாடு இவ்வளவு பெரிய விளைவைத் தருமோ என்று ஐயுறுவோர் தம் கிணற்றை நோக்கலாம். சரவணையின் நன்னீர், சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்நீர் நன்னீரினும் நாற்பதிலொரு பங்கே கனங் கூடியது. அந்த அற்ப வேறுபாட்டினாலேயே, கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தவர் வாயில் உவர் ஏறுவதும் அக்கணக்கின்படியே. இடையோட்டிலும் நூற்றுக்கு ஒன்றுக்குக் குறைந்த கனவேறுபாடுகள், பல்லாயிரங் கிலோமீற்றர் பரந்து நிற்பதனால், கடலின் உருவத்தையே மாற்றிவிடுகின்றன.

அவ்விலேசான பொருள் அங்கே எவ்வாறு வந்தது? இதற்கு விடை காணுமாறு, கோஷும் அவர் மாணாக்கராகிய தேபாஞ்சன் பாலும், சென்ற 14 கோடி ஆண்டுகளில் நிலத்தட்டுக்கள் நகர்ந்த வரலாற்றைக் கணனியிலே திரும்ப நடத்தி, இடையோட்டின் தன்மைகளைப் பலவாறு மாற்றிமாற்றிப் பார்த்து, 2023இல் தம் முடிபை வெளியிட்டனர். தெதிஸின் தளம் அமிழ்ந்து சென்று கோளவகத்தின் விளிம்பை அடைந்து, ஆபிரிக்காவின் அடியில் அவ்விளிம்பின்மேற் குவிந்து கிடக்கும் வெப்பமிகுந்த பெருந்திரளை நெருக்கிக் கலக்கியது. கலங்கிய அத்திரளிலிருந்து தூண்கள் எழுந்தன. எழுந்த வெப்பப் பொருள் கிழக்கே பரவி இந்து சமுத்திரத்தின் அடியை அடைந்தது. சமுத்திரத் தளம் குளிர்ந்து கனத்தது, கனத்தது அமிழ்ந்தது, அமிழ்ந்தது வெப்பத்தை மேலே தள்ளியது, தள்ளப்பட்டது கடலைத் தாழ்த்தியது. தாழ்வு ஏறத்தாழ இன்றைய உருவத்தைப் பெற்றது 2 கோடி ஆண்டுகளின் முன்னே என்பது அவர்கள் கணக்கு. சரவணையின் சுண்ணாம்புக்கல் படிந்துகொண்டிருந்த காலமும் ஏறத்தாழ அதுவே என்பதை வாசகர் நினைவிற் கொள்க: அச்சிப்பிகள் வாழ்ந்து மடிந்த கடல், தாழத் தொடங்கிவிட்ட கடலாகும்.

இவ்விளக்கம் எனக்கு மனநிறைவு தருவதாயினும், அதனைச் சித்தாந்தமாகக் கொள்ளுதல் அவசரமாகும். 6.6 கோடி ஆண்டுகளின் முன்னே தக்கணத்தை மூடியதும் இன்று ரீயூனியனில் எரிவதுமான பெருந்தூண், இக்கணக்கில் உரிய காலத்தில் உரிய வலுவோடு தோன்றவில்லை என்று விமரிசகர் எடுத்துக் காட்டினர். அஃது அற்ப ஆட்சேபமன்று. ஈர்ப்பு, கீழே உள்ள திணிவின் மொத்தத்தையே சொல்லும். அதே மொத்தத்தை வேறுவேறு விதமாகப் பங்கிட்டும் அதே கடல் மட்டத்தைப் பெறமுடியும். கல்லோ, இன்ன காலத்தில் இன்ன இடத்தில் இன்ன வெப்பம் இருந்தது என்று பெயர்சொல்லிச் சாட்சியங் கூறுவது, மறுக்கவொண்ணாதது. கணனியின் கணக்கும் எல்லோராவின் கல்லும் முரணுமிடத்துத் திருந்தவேண்டியது கணக்கே. அதற்காக அக்கணக்கைத் தள்ளிவிடவேண்டுவதுமில்லை. எரிமலை நூலோரும் ஈர்ப்பு நூலோரும் தத்தம் ஏடுகளுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்த நிலை மாறி, ஒரே வினாவுக்கு இருவரும் விடைகூறக் கடமைப்பட்டது இதனால் விளைந்த நன்மை. மேலும் தெளிவு வேண்டின், அத்தாழ்வின் அடியிலுள்ள பாறையினூடே நிலநடுக்க அலைகள் செல்லும் வேகத்தைக் கடலடியிலிருந்தே அளத்தல் வேண்டும். கோவாவிலுள்ள தேசிய துருவ, சமுத்திர ஆராய்ச்சி நிலையம் அதற்கான கருவிகளை அப்பகுதியில் இறக்கி அவ்வேலையைத் தொடங்கியிருக்கின்றது.

இப்பள்ளத்தின் விளிம்பிலேயே குடியிருக்கும் நம் தீவுப்பகுதி மாணவர்கள் அதன் ஆராய்ச்சியைப் பிறர்க்கு விட்டுவிடவேண்டிய காரணம் எதுவுமில்லை. பூகர்ப்பவியலுக்கெனப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தனித்துறை உண்டு. கல்லைக் கண்டு பெயர்சொல்ல மாத்திரங் கற்றால் அங்கே போதாது. பௌதிகமும் இரசாயனமும் கணிதமும் மூன்றும் வேண்டும். பத்தாம் வகுப்பில் இருப்போர் அம்மூன்றில் ஒன்றையேனுங் கைவிட எண்ணியிருப்பின், அவ்வெண்ணத்தை ஒத்திவைக்க.